பத்து மணிக்குள்

நீரோடி முக்கில் ராத்திரி ஒண்ணரை.
ஐஸ் வண்டி வரும்வரை
என் கைபேசியைச் சுற்றி ஏழு தலை.

"எந்தெடா ஓட்டம்? நம்ம நாட்டுக்காரன் உண்டா?"
இல்லை.
"பின்ன?"
எட்டாம் தடத்தில் நிற்பவன் எனக்குத் தெரிந்தவன்.

சிரித்தது செல்வதாசன்.
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பிறந்ததால்
அவனுக்குக் கேரளச் சட்டை,
இந்தப் பக்கம் பிறந்த எனக்குத் தமிழ்நாட்டுச் சட்டை;
ஒரே மணலில் ஒரே பந்தால்
ஒருவன் முட்டியை ஒருவன் உடைத்துக்கொண்டவர்கள்.
கோடு என்றால் என்னவென்று அவனுக்கும் தெரியும்.

சுறாவுக்குப் பின்னே போய்
நாங்கள் தாண்டியது வேறு கோடு.
கடலில் அது எங்கே என்று கேட்டதற்கு
அதிகாரி வரைபடத்தை விரித்தார்.
அதில் இருந்தது.

ஐம்பத்து மூன்று நாள்,
ஒரு பழைய கொப்பரைக் கிட்டங்கியில்.
ஜன்னலுக்கு வெளியே அந்த நாட்டின் ஒரே மைதானம்,
ஆறு தடம், நடுவே மேயும் ஒரு ஆடு.
எங்கள் துறைகள் எட்டையும் எண்ணினால்
அந்த நாட்டைவிடப் பத்துப் பேர் கூட வரும்.

ஆனாலும் எல்லாம் இருந்தது அவர்களிடம்.
பளுதூக்கும் வீராங்கனை மரியேல்தான்
எங்களுக்குச் சோறு கொண்டுவருவாள்:
கைக்கொரு அண்டா,
இறக்கி வைக்காமலே அரைமணி நேரம் கதைப்பாள்.
எங்கள் தாள்களில் முத்திரை குத்தும் எழுத்தர்
தேசிய அணியின் கோலி.
பதினொரு கோல் வாங்கிய ஆட்டத்தைக் கேட்டால்
பிடித்த பத்தொன்பதையும் விரல்விட்டுச் சொல்வார்.

காவலுக்கு எல்வியோ.
எண்ணூறு மீட்டர்.
அவனுடைய ஓட்டக் கடிகாரத்தில் உப்பு ஏறிப்போச்சு,
எங்கள் கைபேசிகள் அரக்கு வைத்த சாக்கில்.
ஜெபமாலையை மட்டும் யாரும் பறிக்கவில்லை.

கிளிட்டஸ்தான் சொன்னான்:
"ஒரு பத்து மணி சொல்லுவோம், அதுதான் கணக்கு."
துஷ்டி வீட்டில் இழுத்துச் சொல்கிற சாவகாசம் ஆகாது,
அணியம் அலைக்குள் முங்கும்போது சொல்வோமே,
அந்த வேகம்.

முதல் நாள்
பத்து முடிந்து, இன்னும் இரண்டு மணி உருண்டபிறகு
வந்து விழுந்தான்,
இடது தோள் முதலில் தரையில் படும்படி.
நாற்பதாம் நாள்
பத்தாம் மணி விரலில் இருக்கையிலேயே
கோட்டைத் தாண்டினான்.
பதினாலு பேரும் கூவினோம், ஆடு ஓடிற்று.
வந்து பூட்டைத் திறந்து
ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தான்.
பிறகு பூட்டினான்.

இப்போது
இந்தத் திரையில் அரைவிரல் உயரம்.
எட்டாம் தடம் அவனுக்குப் புதுசு,
அவன் ஊரில் ஆறோடு முடிந்துவிடும்.
துப்பாக்கிச் சத்தம்.
என் கை சட்டைப்பைக்குள் போயிற்று.
அருள் நிறைந்த மரியே…

நாலாம் மணிவரை தெரிந்தான்.
அப்புறம் கேமராவுக்கு
முன்னால் ஓடும் மூன்று பேர் போதும்.
ஏழாம் மணியில் படம் உறைந்து
வெள்ளை வட்டம் சுற்றியது.
எட்டு.
"டேய், போனைத் தட்டு."
தட்டவில்லை, எண்ணிக்கை தவறிவிடும்.
ஒன்பதில் உயிர் வந்தது திரைக்கு.
முந்தியவன் கொடி போர்த்திக் குதிக்கிறான்,
அந்தக் கொடியின் விளிம்புக்குப் பின்னால்
ஒரு நீலச் சட்டை,
இடது தோளோடு சாய்ந்து விழுந்தது.
அப்படி விழுகிறவன் உலகத்தில் ஒருத்தன்தான்.

பட்டியல் வந்தது. எட்டாவது.
பெயருக்குப் பக்கத்தில் குட்டியாய் இரண்டு எழுத்து.
"அதெந்தா?"
அவங்க நாட்டில் இதுவரை
யாரும் இவ்வளவு வேகமாய் ஓடினதில்லை என்று அர்த்தம்.
"கடைசியா வந்ததுக்கா?" என்ற செல்வதாசன்
அப்புறம் எதுவும் சொல்லாமல்
கைபேசியை வாங்கி அந்த வரியைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

எங்கள் போட்டு இன்னும் அங்கேதான்,
அந்தத் துறைமுகத்தில் துருப்பிடித்து.
அபராதம் கட்டித் தீரவில்லை.

ஐஸ் வண்டி வெளிச்சம் திரும்பியது.
தொற்றி வந்த கிளிட்டஸ் குதித்து ஓடிவந்து,
மூச்சு வாங்க:
"மணி எத்தனடா?"
"ரெண்டாவப் போவுது" என்றார் கடைக்காரர்.

நான் பையிலிருந்து கையை எடுத்தேன்,
பெருவிரலும் சுட்டுவிரலும்
பத்தாம் மணியை விடாமல்.